கைராசி

நாம் எல்லோருமே தலைகீழாகத்தான் இந்த உலகத்துக்கு வந்து சேருகிறோம். தலையைக் கீழே வைத்துக்கொண்டு வருகிறவனை ஒழுங்காகப் பிறந்தவன் என்கிறோம். காலை ஊன்றி, நின்ற கோலத்தில் வருகிறவனைக் கண்டால் பிரசவ அறையில் இருக்கிற எல்லோருக்கும் வியர்த்துவிடுகிறது. வாழ்நாள் முழுவதும் "சொந்தக் காலில் நில்" என்று உபதேசம் செய்கிற நாம், அவன் முதன்முதலாகக் காலை நீட்டும்போது மட்டும் கதிகலங்கிப் போவது வேடிக்கைதான்.

ஆனால் அந்தப் பயம் பொய்ப் பயம் அல்ல. பண்டைய ரோமாபுரியில் காலால் பிறந்தவர்களுக்கு 'அக்ரிப்பா' என்று பெயர் வைப்பார்களாம். கஷ்டப்பட்டுப் பிறந்தவன் என்று அதற்குப் பொருள் சொல்லி எழுதி வைத்திருக்கிறார் பிளினி. நீரோ மன்னன் அப்படிப் பிறந்தவன்தான் என்று அவனைப் பெற்றவளே எழுதியிருந்ததாகவும் சொல்கிறார். நம் கிராமங்களில் வேறு மாதிரி. காலால் பிறந்த பிள்ளைக்குக் காலிலே ஒரு சக்தி உண்டு என்று, இடுப்புப் பிடித்துக்கொண்டவர்கள் குப்புறப் படுத்து, அவனைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்லுவார்கள். ரோமாபுரிக்காரன் அவனைக் கண்டு முகம் சுளித்தான். நம்மவர்கள் அவனை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

நிறைமாதத்தில் நூறு குழந்தைகளில் மூன்று அல்லது நான்கு, தலை மேலேயும் இடுப்போ காலோ கீழேயுமாக இருக்கின்றன. டாக்டர்கள் இதைப் பிரீச் என்கிறார்கள். ஏழு மாதத்தில் பார்த்தால் ஐந்தில் ஒரு குழந்தை இப்படித்தான் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலானவை பிற்பாடு தாமாகவே குட்டிக்கரணம் போட்டுத் திரும்பிவிடும். திரும்பாதவற்றை, வயிற்றின் மேலே கையை வைத்து மெல்லத் தள்ளித் திருப்பிப் பார்க்கிற வழி ஒன்று உண்டு. அதிலும் ஏறத்தாழப் பாதிதான் பலிக்கும். மிச்சம் இருக்கிற பிடிவாதக்காரக் குழந்தைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர்களைத் தாயின் வயிற்றைக் கிழித்து எடுப்பதா, வருகிற வழியிலே வர விடுவதா? இந்தக் கேள்விக்கு வைத்திய உலகம் கடந்த அறுபது எழுபது வருஷங்களில் சொன்ன பதில்கள் பல. அந்தப் பதில்களைப் படிக்கப் படிக்க, இது வைத்தியப் பிரச்னை மட்டும்தானா என்ற சந்தேகம் எனக்கு வலுத்துக்கொண்டே போனது.

ஆபத்து எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் உடம்பில் பெரியதும் கெட்டியானதும் தலை. அது முன்னால் வந்தால் மணிக்கணக்காக முட்டி முட்டி, இடத்துக்குத் தகுந்தபடி தானும் சற்று நீண்டு கொடுத்து, வழியைத் திறந்துவிடும். பிறகு மற்ற உடம்பு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிரீச்சில் மிருதுவான உடம்பு முதலில் வருகிறது. தலை கடைசியில் வருகிறது. உடம்பு வெளியே வந்த பிறகு, தொப்புள்கொடி தலைக்கும் தாயின் இடுப்பெலும்புக்கும் நடுவே நசுங்குகிறது. மூக்கால் மூச்சு விட இன்னும் வழி இல்லை. கொடி வழியாக வந்ததும் நிற்கிறது. அப்புறம் கையில் இருப்பவை சில நிமிஷங்கள்தாம்.

அந்த நிமிஷங்களில் நானும் நீங்களும் என்ன செய்வோம்? பிடித்து இழுப்போம். அதைத்தான் செய்யக் கூடாதாம்! இழுத்தால் குழந்தையின் கைகள் தலைக்கு மேலே போய்விடும். மோவாய் நிமிர்ந்து தலை மாட்டிக்கொள்ளும். ஆகவே, 'கையை எடு' என்பதுதான் பழைய ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். பாதி உடம்பு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும், தாய் கத்திக்கொண்டிருப்பாள், தாயின் தாய் கதவுக்கு வெளியே பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டிருப்பாள், டாக்டர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, பிடரி மயிர் கண்ணில் படுகிற வரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு, குழந்தையைத் தன் முன்கையின் மேல் குப்புறக் கிடத்தி, இரண்டு விரலைக் கன்னத்தெலும்பில் வைத்து, இன்னொரு கையைத் தோளில் கொடுத்து, மோவாயை மார்போடு சேர்த்துக் குனியவைத்துத் தலையை வெளியே கொண்டுவருகிறார். இதற்கு மோரிசோ - ஸ்மெல்லி - ஃபைட் முறை என்று பெயர். மோரிசோ 17ஆம் நூற்றாண்டுப் பாரிஸ்காரர். ஸ்மெல்லி 18ஆம் நூற்றாண்டு ஸ்காத்லாந்துக்காரர். ஃபைட் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர். ஒரு கை அசைவைத் திருத்தமாகச் செய்ய மூன்று தேசமும் மூன்று நூற்றாண்டும் ஆகியிருக்கின்றன.

நம் பாஷையில் 'கைராசி' என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. முதல் போணி செய்கிறவருக்குக் கைராசி உண்டு, விதை ஊன்றுகிறவருக்கு உண்டு. எல்லாரையும்விட டாக்டருக்கு உண்டு. "அந்த அம்மாள் தொட்டால் போதும், சுகப்பிரசவம்தான்" என்று பேர் வாங்கிய லேடி டாக்டர் ஊருக்கு ஒருவர் இருந்தார். அந்தச் சொல்லில் 'ராசி' என்ற பாதியை ஜோசியருக்குக் கொடுத்துவிடலாம். 'கை' என்ற பாதியில் விஷயம் இருக்கிறது. எப்போது தொட வேண்டும், எப்போது தொடக்கூடாது என்று நூறு தடவை பார்த்துப் பழகிய கை அது. புத்தகத்தில் எழுதி வைக்க முடியாத அறிவு அந்த விரல்களில் இருந்தது.

எழுத்தாளர்களுக்குக் கைராசிக்காரர்களைப் பிடிக்கும். எங்கள் கதைகளில் புயலும் மழையுமான ராத்திரியில் கிழ மருத்துவச்சி ஒருத்தி வருவாள், வெந்நீர் கேட்பாள், கதவு சாத்தப்படும், கடைசியில் ஒரு குழந்தை வீரிடும். கதவு சாத்தப்பட்டு, குழந்தை வீரிடாத ராத்திரிகளை நாங்கள் அதிகமாக எழுதியதில்லை. கைராசி என்ற சொல்லுக்கும் இதே குறை இருக்கிறது. அதற்கு ஞாபக சக்தி ஒரு பக்கம்தான். பிழைத்த குழந்தைகளை அது எண்ணும்; பிழைக்காதவற்றை விதியின் கணக்கில் எழுதிவிடும்.

1859ஆம் வருஷம் ஜனவரி 27ஆம் தேதி பெர்லின் அரண்மனையில் ஒரு பிரீச் பிரசவம் நடந்தது. தாய்க்கு வயது 18. இங்கிலாந்தின் விக்டோரியா ராணியினுடைய மூத்த மகள். பிரசவம் பார்த்தவர் எடுவர்ட் மார்டின் என்ற பெயர் பெற்ற பேராசிரியர். குழந்தை உயிர் பிழைத்தது. ஆனால் இடது கை நரம்புகள் பழுதாகிவிட்டன. அந்தக் கை கடைசி வரையில் சூம்பியே இருந்தது. படம் எடுக்கும்போதெல்லாம் கையுறையையோ வாளையோ பிடித்து அதை மறைத்துக்கொண்ட அந்தக் குழந்தைதான் பிற்காலத்துக் கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம். அந்தக் கையினால்தான் முதல் உலக யுத்தமே வந்தது என்று எழுதிப் பார்த்தவர்கள் உண்டு. எனக்கு அது ரொம்பக் கதையாகப் படுகிறது. நான் நினைத்துப் பார்ப்பது வேறு. அரண்மனைக் குழந்தையானதால் அந்தக் கை சரித்திரத்தில் ஏறியது. அதே வருஷம் அதே பெர்லினில், குடிசையில் பிறந்த குழந்தைகளின் கைகளை யார் கணக்கு வைத்தார்கள்?

கணக்கு வைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அது பேர் தெரியாத குழந்தைகளுக்குச் செய்கிற நியாயம். 1959ஆம் வருஷத்திலேயே ரைட் என்ற அமெரிக்க டாக்டர், பிரீச் என்றால் எல்லோருக்கும் ஆபரேஷனே செய்துவிடலாம் என்று எழுதினார். அந்த யோசனையைப் பலர் ஏற்றார்கள், பலர் மறுத்தார்கள். கடைசியில் கனடாவில், டொரண்டோ நகரத்து மேரி ஹன்னா என்ற டாக்டரின் தலைமையில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 26 நாடுகள், 121 ஆஸ்பத்திரிகள், 2,088 தாய்மார்கள். சீட்டுக் குலுக்குவதைப் போல, பாதிப் பேருக்கு ஆபரேஷன் என்றும் பாதிப் பேருக்கு இயற்கைப் பிரசவம் என்றும் தீர்மானித்தார்கள். 2000ஆம் வருஷம் அக்டோபரில் 'லான்செட்' பத்திரிகையில் முடிவு வெளிவந்தது. இறந்துபோனதோ, பிறந்தவுடன் கடுமையாகப் பாதிக்கப்பட்டதோ ஆன குழந்தைகள் ஆபரேஷன் பக்கத்தில் நூற்றுக்கு 1.6, மறுபக்கத்தில் 5. இறந்தவை மட்டும் பார்த்தால் அங்கே 3, இங்கே 13.

அதற்கப்புறம் நடந்த வேகத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. வைத்திய உலகம் ஒரு பழக்கத்தை விடுவதற்குச் சாதாரணமாக ஒரு தலைமுறை ஆகும். ஹாலந்தில் இரண்டே மாதத்தில் பிரீச் குழந்தைகளுக்கு ஆபரேஷன் நூற்றுக்கு 50லிருந்து 80 ஆயிற்று. 2001ஆம் வருஷ முடிவில் அமெரிக்கப் பிரசவ டாக்டர்களின் சங்கம், திட்டமிட்டுப் பிரீச்சை இயற்கையாகப் பிரசவிக்க விடுவது இனிப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. மூன்று நூற்றாண்டாகத் தீட்டிய கை அசைவு ஒரு பத்திரிகைக் கட்டுரையினால் பெட்டிக்குள் போயிற்று.

பிறகு சந்தேகங்கள் வந்தன. அதே சோதனையில் பிறந்த குழந்தைகளை இரண்டு வயதில் பார்த்து 2004இல் எழுதினார்கள். இறப்பையும் மூளை வளர்ச்சிக் குறையையும் சேர்த்துப் பார்த்ததில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. 2006இல் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் 174 ஆஸ்பத்திரிகளில் 8,105 பிரீச் தாய்மார்களைக் கவனித்து எழுதினார்கள். அங்கே இந்தக் கைப்பழக்கம் விட்டுப்போகவில்லை; யாருக்கு இயற்கைப் பிரசவம் ஏற்கும் என்று நன்றாகப் பொறுக்கி எடுத்தார்கள்; வலி எடுத்த பிறகும் கண்கொட்டாமல் பார்த்தார்கள். அங்கே இரண்டு வழிக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. இது சீட்டுக் குலுக்கிய சோதனை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே, 'பார்த்தீர்களா, ஆபரேஷன் எல்லாம் வீண். பாட்டி காலம்தான் உயர்த்தி' என்று கிளம்பிவிடலாமா? கூடாது. ஹாலந்துக் கணக்கையே இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும். விதி மாறிய பிறகு அங்கே பிரீச் குழந்தைகளின் இறப்பு ஆயிரத்துக்கு 3.5லிருந்து 1.8 ஆயிற்று. அந்த வித்தியாசத்தில் இருக்கிற குழந்தைகள் இப்போது சைக்கிள் விட்டுக்கொண்டிருப்பார்கள். கைராசியைப் பற்றி உருகி எழுதுகிற பேனா அவர்களைத் தாண்டிப் போக முடியாது. அதே ஹாலந்தில் 2000 முதல் 2002 வரையில், பிரீச்சுக்காக முன்கூட்டியே நாள் குறித்துச் செய்த ஆபரேஷனுக்குப் பிறகு நான்கு தாய்மார்கள் இறந்துபோனார்கள் என்பதையும் தாண்டிப் போக முடியாது. தவிரவும், ஒரு தடவை கிழித்துத் தைத்த கருப்பையில் அடுத்த குழந்தையின் நஞ்சுக்கொடி தழும்பின் மேல் ஒட்டிக்கொண்டு விபரீதம் செய்யக்கூடும். இரண்டாவது, மூன்றாவது ஆபரேஷன்களுக்குப் பிறகு அந்த அபாயம் கூடிக்கொண்டே போகிறது. வயிற்றில் இருக்கிற குழந்தையின் உயிரை, இன்னும் உருவாகாத குழந்தையின் உயிரோடும் அவர்களுடைய தாயின் உயிரோடும் எந்தத் தராசில் நிறுப்பது? டாக்டர் முன்னே நிற்பது இன்றைய குழந்தை. நாளைய குழந்தைக்கு வக்கீல் கிடையாது.

இந்த நிறுவையை நான் செய்யப் போவதில்லை. அது அந்தத் தாயும் அவளுடைய டாக்டரும் செய்ய வேண்டியது. எனக்கு உறுத்துவது, அவர்கள் உட்கார்ந்து பேசும்போது உபயோகிக்கிற ஒரு சொல். 'ஆபத்து' என்ற சொல்.

"இது ஆபத்தம்மா" என்று டாக்டர் சொல்லுகிறார். இடி விழுவதும் வெள்ளம் வருவதும் ஆபத்து. அது யார் கையிலும் இல்லை. பிரீச்சின் ஆபத்து அப்படிப்பட்டது அல்லவே! பிரான்ஸில் ஒரு கையில் குறைந்த அளவாகவும், பழக்கமில்லாத இன்னொரு கையில் பெரிய அளவாகவும் இருக்கிறது. ஆகவே, "ஆபத்து" என்பது முழு வாக்கியம் ஆகாது. "என் கையில் ஆபத்து" என்பதுதான் முழு வாக்கியம். அந்த 'என் கையில்' எப்படியோ விழுந்துவிடுகிறது. விழுந்துவிட்டால், தாய் தன் உடம்பைப் பற்றிப் பயப்படத் தொடங்குகிறாள். தன் இடுப்பில் ஏதோ கோளாறு, தன் குழந்தை ஏதோ துஷ்டத்தனம் செய்கிறது என்று நினைத்துக்கொள்கிறாள்.

2000ஆம் வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல் இன்னொரு காரியமும் செய்தது. ஆபத்து என்று சொல்லி எல்லோருக்கும் ஆபரேஷன் செய்தார்கள். எல்லோருக்கும் ஆபரேஷன் செய்ததனால் புதிதாக வந்த டாக்டர்களுக்கு அந்தப் பிரசவத்தைக் கண்ணால் பார்க்கவே வாய்ப்பில்லாமல் போயிற்று. பார்த்துப் பழகாத கையில் அது உண்மையிலேயே ஆபத்தாகிவிட்டது. அமெரிக்கச் சங்கம் 2006இல் தன் வார்த்தையைத் தளர்த்தியது. டாக்டரின் அனுபவத்தைப் பொறுத்துத் தீர்மானிக்கலாம் என்றது. கனடா 2009இல், பொறுக்கி எடுத்த தாய்மார்களுக்கு இயற்கைப் பிரசவமும் நியாயமான வழியே என்றது. இங்கிலாந்தின் ராயல் காலேஜ் 2017இல் கணக்கைத் தெளிவாகவே எழுதி வைத்தது: குழந்தை இறக்கும் அபாயம் பிரீச்சில் ஆபரேஷன் செய்தால் ஆயிரத்துக்குச் சுமார் அரை, இயற்கையாக விட்டால் சுமார் 2, தலை கீழேயுள்ள சாதாரணப் பிரசவத்தில் சுமார் 1. காகிதத்தில் கதவு மறுபடி திறந்துவிட்டது. ஆனால் அனுபவத்தைப் பொறுத்து என்றால், அந்த அனுபவம் யாரிடம் இருக்கிறது? தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருந்தார்கள். கட்டுரையினால் ஒரு வித்தையை நிறுத்த முடிந்தது. இன்னொரு கட்டுரையினால் அதை வரவழைக்க முடியவில்லை.

அப்படியானால் மறுபடி கற்றுக்கொடுத்தால் போயிற்று என்று தோன்றும். இங்கேதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி நிற்கிறது. எந்தக் கைக்கும் ஒரு முதல் தடவை உண்டு. அந்த முதல் தடவைக்கு யாருடைய குழந்தை?

பழைய காலம் இதற்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிட்டது: ஏழையின் குழந்தை. ஸ்மெல்லி லண்டனில் மாணவர்களுக்குப் பிரசவ வித்தை சொல்லிக் கொடுத்தபோது ஏழைப் பெண்களுக்கு இலவசமாகப் பிரசவம் பார்த்தார். மாணவர்கள் கூட இருந்து பார்க்கச் சம்மதிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பின்னால் வந்த தர்ம ஆஸ்பத்திரிகளிலும் ஏறக்குறைய இதே ஒப்பந்தந்தான், சொல்லியோ சொல்லாமலோ. காசு கொடுக்க முடியாதவள் தன் உடம்பைப் பாடமாகக் கொடுத்தாள். அங்கே கற்ற கை, பிற்பாடு மாளிகைகளில் கைராசி என்று பெயர் வாங்கியது. போய்விட்ட வித்தைக்காக நாம் பெருமூச்சு விடும்போது, அது எந்தக் கட்டில்களின் மேல் கற்கப்பட்டது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பொம்மையை வைத்துக் கற்கலாமே என்பீர்கள். அது புது யோசனை அல்ல. 1759இல் பதினைந்தாம் லூயி மன்னரின் உத்தரவோடு மதாம் தியு கூத்ரே என்ற மருத்துவச்சி, துணியினால் செய்த தாயின் இடுப்பையும் துணிக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு பிரான்ஸ் முழுவதும் ஊர் ஊராகப் போய்க் கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் கற்றுக் கொடுத்தார். அந்தப் பொம்மை ஒன்று இன்றும் ரூவான் நகரத்து மியூசியத்தில் இருக்கிறது. இப்போது பிளாஸ்டிக்கில் இன்னும் நேர்த்தியாகச் செய்கிறார்கள். அதில் பழகியாக வேண்டும் என்றும் வற்புறுத்துகிறார்கள். நல்லதுதான். விரல்கள் போகவேண்டிய இடத்தைப் பொம்மை கற்றுக் கொடுக்கும். ஆனால் பொம்மை நீலம் பூப்பதில்லை. 'கையை எடு' என்ற முதல் பாடத்தை, உயிரோடு ஒரு குழந்தை தொங்கும்போதுதான் படிக்க முடியும்.

அப்படியானால் மிஞ்சியிருப்பது ஒன்றுதான்: எல்லாவற்றையும் சொல்லிக் கேட்பது. "இது இயற்கையாகவும் வரலாம், ஆபரேஷன் செய்தும் எடுக்கலாம், இதற்கு இவ்வளவு அபாயம், அதற்கு அவ்வளவு. பழக்கமுள்ள பெரிய டாக்டர் இருப்பார். அவர் கைக்குக் கீழே கற்றுக்கொள்கிறவரின் கையும் இருக்கும். சம்மதமா?" இப்படிக் கேட்டால் எந்தப் பெண் சம்மதிப்பாள் என்று நினைக்கிறோம். சம்மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் ஃபிராங்க் லூவன் என்ற பேராசிரியரிடம் அதற்காகவே தேடிக்கொண்டு போகிறார்கள். அங்கே தாயை மல்லாத்திப் படுக்க வைப்பதில்லை. மண்டியிட்டு நிமிர்ந்தோ, கையை ஊன்றியோ இருக்கச் சொல்லுகிறார்கள். குழந்தை தன் பாரத்தாலேயே இறங்குகிறது. டாக்டர் தொடவேண்டியது பல தடவைகளில் குறைந்துபோகிறது என்று 2017இல் எழுதியிருக்கிறார்கள். இவர்கள் காசில்லாமல் சம்மதித்தவர்கள் அல்ல, தெரிந்து சம்மதித்தவர்கள். எல்லா ஊரிலும் எல்லாரும் இதைச் செய்ய வேண்டியதில்லை. ஒரு பிரதேசத்துக்கு ஓர் இடமாவது இருந்தால் வித்தை அணையாது என்பது என் அபிப்பிராயம்.

அணையக்கூடாது என்பதற்கு உணர்ச்சி மட்டும் காரணமல்ல. எத்தனை ஆபரேஷன்களுக்கு நாள் குறித்தாலும், நாளைக் கேட்காமல் வருகிற குழந்தைகள் உண்டு. கடைசி நேரம் வரையில் தலை என்று நினைத்திருந்தது தலை அல்ல என்று தெரிகிறது; ஆபரேஷன் தியேட்டர் விளக்கைப் போடுவதற்குள் இடுப்பு வெளியே வந்துவிடுகிறது. பிரசவம் அந்தக் கட்டத்தை நெருங்கிவிட்டால் வழக்கமாக ஆபரேஷனுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அந்த 2017ஆம் வருஷத்து ஆங்கிலேயக் குறிப்பே சொல்லுகிறது. அந்த வேளையில் விதியும் இல்லை, விருப்பமும் இல்லை. அங்கே நிற்கிற கை எதுவோ அதுதான்.

நம் ஊரில் டாக்டரிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. நூற்றுக்கணக்கும் ஆயிரத்துக்கணக்கும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் பெண்ணைப் பெற்றவள் மெதுவாகக் கேட்பாள்: "அதெல்லாம் சரிங்க, டாக்டர். உங்க பொண்ணா இருந்தா என்ன செய்வீங்க?" புள்ளிவிவரக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. விழுந்துபோன அந்த 'என் கையில்' என்ற வார்த்தையைத்தான் அவள் தேடி எடுக்கிறாள்.

ஒரு டாக்டர் அதற்கு, "என் பெண்ணாக இருந்தாலும் ஆபரேஷன்தான் செய்வேன். ஏனென்றால் அன்றைக்கு டியூட்டியில் இருக்கப் போகிறவன் நான். இந்தப் பிரசவத்தை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். நன்றாகத் தெரிந்தவர் இன்ன ஊரில் இருக்கிறார், போவதானால் இன்னும் பத்து நாள் இருக்கிறது" என்று பதில் சொன்னாரானால், நான் அந்தப் பெண்ணைப் பெற்றவனாக இருந்தால், அவரிடமே விட்டுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். பெண் என்ன சொல்லுவாள் என்பது வேறு விஷயம். அவளைத்தான் முதலில் கேட்க வேண்டும்.